வித்யா போடாம வச்ச பாயிண்ட்

ஜூலை 6, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். வெள்ளிக்கிழமை தொவைச்ச போர்வை இன்னும் காயமாட்டீங்குது. வூடு முழுக்க பூசண வாசம். எங்கூர்ல மழைன்னா ஊத்தித் தள்ளிட்டு அக்கட்டால போயிரும். இந்த மராட்டிக்காரங்க ஊரு விஷ்ராந்த்வாடியில நாளெல்லாம் நசநசன்னு.

வாங்கணும்: ரவை, பூண்டு, பாச்சா உருண்டை, செந்திலுக்கு பிளேடு. (அவன் கேக்கல. தாடியப் பாக்க எனக்குத்தான் சகிக்கல.)

செந்தில் எந்திரிச்சது பதினோரு மணிக்கு. தோசை ரெண்டு. மூணாவதை வச்சேன், தட்டை நகத்திட்டான். "போதும்மா." அவ்வளவுதான் பேச்சு. அப்புறம் டி.வி. முன்னால உக்காந்தவன் பொழுதுக்கும் எந்திரிக்கல.

மருமக போனப்புறம் ஒரு மாசம் கூட இருந்துட்டு வரலாம்னு கோபியிலிருந்து வந்தவ நான். இந்த ஐப்பசி வந்தா வித்யா போய் வருசமாகுது. காய்ச்சல்னு படுத்தவ, எந்திரிக்கவே இல்ல. நானும் இன்னும் ஊர் திரும்பல. இவனை இப்படி விட்டுட்டு எப்படிப் போறது?

ஆபீஸ் போறான், வாரான். வந்ததும் அந்த டென்னிஸ் கேமு. ஜப்பான்காரன் என்னைக்கோ போட்ட பழசு. ஒரு எழுத்துப் படிக்க முடியாது, நம்பர் மட்டுந்தான் புரியும். ஜோடி ஜோடியா ஆடறாங்க. நீலச் சட்டைக்காரன் இவன். பக்கத்துல குதிரைவால் போட்டுட்டு மஞ்சச் சட்டையில ஒருத்தி. அவளை வித்யா உருவாக்கி வச்சிருக்கா. ஆட்டறதுக்குப் பொத்தான் வச்ச பேடு ரெண்டு இருக்குது, இப்ப ரெண்டாவதைப் பிடிக்க ஆளில்ல. மஞ்சச் சட்டைக்காரி தானாவே ஆடறா.

இன்னைக்குத்தான் உத்துப் பாத்தேன். ஒரு ஆட்டம் முடிஞ்சதும் கட்டம் கட்டமா ஒரு பக்கம் வருது. அதையே வெறிச்சுப் பாக்கறான். மறுபடி பின்னால போய் இன்னொரு ஆட்டம். மறுபடி அதே பக்கம். செக்குமாடு கூட இப்படிச் சுத்தாது.

ஜூலை 8, செவ்வாய்

மழை இல்ல. போர்வை காஞ்சுது.

சுனிதா வேலைக்கு வந்தப்ப செந்தில் ஆபீஸ் கெளம்பிட்டிருந்தான். அவன் போனதும் பாத்திரம் தேச்சுக்கிட்டே, "காக்கூ, பையா ஹஸ்தா நஹி"ன்னா. சிரிக்கவே மாட்டேங்கறானேன்னு கேக்கறா. என்ற இந்தி ஹா, நஹி, பஸ் மூணோட முடிஞ்சுது. "நஹி"ன்னேன். நான் கொத்தமல்லியை ஆய உக்காந்தேன், அவ பாத்திரத்துக்குத் திரும்பிட்டா.

மத்தியானம் எங்கூட்டுக்காரர் போன். "இன்னும் எத்தனை நாளைக்கு நான் ஓட்டல்ல திங்கறது?" அப்புறம், "அந்தப் பொட்டியத் தூக்கி எங்காச்சும் ஒளிச்சு வை. தானா சரியாயிருவான்." இவருக்கு எல்லாமே ஒளிச்சு வச்சா சரியாயிரும். நானே ஒரு வாரமா சர்க்கரை மாத்திரை போட்டீங்களான்னு கேட்டா ஒளிச்சு ஒளிச்சுப் பேசறாரு.

சாயங்காலம் காப்பியைக் கையில குடுத்துட்டுப் பக்கத்துலயே உக்காந்துட்டேன். நேராவே கேட்டேன், இது என்ன பக்கம்டா, இதையே பாத்துக்கிட்டிருக்கன்னு. காப்பியை ஒரு வாய் குடிச்சுட்டுச் சொன்னான்.

ஆட்டம் ஜெயிச்சா பாயிண்ட் தருவானாம். பலம், வேகம், மூச்சு, மனசுன்னு நாலு வரி. பாயிண்டை எதுல போடறமோ அதுல ஆளு தேறுவாங்களாம். இவன் வந்ததை வந்ததுமே போட்டுருவானாம். வித்யா போட மாட்டாளாம், சேத்து வைப்பாளாம். "தேவைப்படறப்ப போட்டுக்கலாம், உனக்கென்ன அவசரம்"னு சண்டைக்கு வருவாளாம். அவ கணக்குல நாப்பத்தாறு நிக்குது. சீசன் முடிஞ்சப்புறம் ஆடற ஆட்டத்துக்குப் புதுசா பாயிண்ட் வராதாம். அதை முழுசாப் போட்டாத்தான் அடுத்த சீசனுக்குக் கதவு திறக்குமாம்.

"அப்ப போட்டுட வேண்டியதுதான கண்ணு?"

"அவளுதும்மா."

மேல ஏர்போர்ட் பக்கத்துலயிருந்து சண்டை விமானம் ஒண்ணு கூரையைப் பிச்சுக்கிட்டுப் போச்சு. அவன் வேற ஏதோ சொன்னான், காதுல விழல. திருப்பிக் கேட்டேன், "ஒண்ணுமில்ல"ன்னுட்டான்.

ஜூலை 11, வெள்ளி

மின்சாரம் ரெண்டு தரம் போச்சு. வெளக்கேத்தினேன். உப்புமா, எச்சா செஞ்சுட்டேன், நாளைக்கும் அதான்.

ரோசனை பண்ணிப் பண்ணிப் பாத்தேன். ஒளிச்சு வைக்கறதுக்குப் பதிலா உள்ள புகுந்துட்டா என்ன? செந்தில் வந்ததும், "எனக்கும் ஒண்ணு சொல்லிக்குடு"ன்னேன். என்னைய ஏற இறங்கப் பாத்தான். டென்னிஸு வேண்டாம்னுட்டான், அது புரிஞ்சுது. அலமாரிக்குள்ள கையை விட்டு இன்னொரு டப்பா எடுத்தான். சண்டை போடற கேமு. இதைப் பத்தி உலகத்துல யாருக்குமே தெரியாதும்மா, நாங்க ரெண்டு பேருந்தான் வாங்கியிருப்போம்ங்கறான். பாத்தா எனக்கும் அப்படித்தான் தோணுது. மீன் வலையோட ஒருத்தன், சவரக் கத்தியோட ஒருத்தன், ஒரு பூசாரி, தொடப்பக் கட்டையோட ஒரு கிழவி. படம் வரைஞ்சவனுக்குக் கையெழுத்தே சரியில்லாம இருந்திருக்கும்.

செவப்புப் பொத்தான் அடிக்க. பச்சை தடுக்க. பள்ளிக்கூட ஆபீஸ்ல வேலை பாத்த காலமெல்லாம் டைப் அடிச்ச விரலுங்க, விடுமா? செவப்பைப் போட்டுப் பொளந்து கட்டினேன். ஆட்டம் முடிஞ்சு வர்ற பக்கம், பாட்டு, பேரு, எது வந்தாலும் செவப்பை அமுக்கினா ஓடிப்போயிருது. நல்ல வசதி.

தொடப்பக் கிழவியைத்தான் எடுத்தேன். செந்தில் ஒரு மாதிரி பாத்தான்.

"வித்யாவும் இதைத்தான் எடுப்பா. அவ இதுக்கு பேரு வச்சிருந்தா."

"என்ன பேரு?"

"அத்தை."

சுருக்குன்னு ஆயிருச்சு. "ஏன்டா, என்னையத் தொடப்பக்கட்டைன்னு சொன்னாளா அவ?"

"அதில்லம்மா. இந்தக் கெழவி எத்தனை அடி வாங்கினாலும் விழுகாது. விழுந்தாலும் வாயடிச்சுக்கிட்டே எந்திரிக்கும். அதுக்குத்தான்." சொல்லிட்டு சிரிச்சான். நெசமாவே. பல்லு தெரிய.

கோவப்படறதா அழுவறதான்னு தெரியல. அத்தை ஒரு ஆட்டம் வாங்கன்னு அவ கூப்புட்டப்பெல்லாம் அடுப்புல வேலை இருக்குன்னு எந்திரிச்சுப் போயிருக்கேன். அடுப்புல என்ன பெரிய வேலை.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு உப்புமா ரெண்டு தரம் கேட்டு வாங்கினான்.

ஜூலை 12, சனி

சண்டை. சண்டை. சண்டை. இடது கட்டை விரல் வீங்கியிருக்குது, தைலம் தேச்சாச்சு. பூசாரியை அடிச்சு உக்கார வச்சுட்டேன். "அம்மா, நீ தடுக்கவே மாட்டேங்கற, சும்மா ஏறி ஏறி அடிக்கற"ங்கறான். நான் எதுக்குத் தடுக்கணும்?

செந்தில் தாடி எடுத்துட்டான். நான் வாங்கி வச்ச பிளேடுலதான். மூஞ்சி சின்னதாயிருச்சு, கன்னம் ஒட்டிக் கெடக்குது. ஆனாலும் என்ற பையன் மூஞ்சி.

எங்கூட்டுக்காரருக்கு நானே போன் பண்ணினேன். இன்னும் கொஞ்ச நாள்ல வந்தர்றேன், டிக்கெட் பாருங்கன்னு.

ஜூலை 13, ஞாயிறு

எழுதவே கை வரல.

சாயங்காலம் செந்தில் டென்னிஸைப் போட்டான். ஆட்டம் முடிஞ்சு அதே நாலு வரிப் பக்கம். அப்ப ஆபீஸ்லயிருந்து போன், பேடை சோபாவுல வச்சுட்டுப் பால்கனிக்குப் போயிட்டான். அந்தப் பக்கத்துக்கு ஒரு பாட்டு, திருப்பித் திருப்பி, காதைக் குடையுது. அவன் போன்ல கத்திப் பேசறான், இது இங்க கத்துது. பாட்டை நிறுத்தலாம்னு பேடை எடுத்து செவப்பை அமுக்கினேன். நிக்கல. சண்டைக் கேம்ல அமுக்கற மாதிரியே நாலஞ்சு தரம் சேத்து அமுக்கினேன்.

நாப்பத்தாறு கடகடன்னு எறங்கி சைபர். எல்லாம் மொத வரிக்குப் போயிருச்சு. பலம். மேளம் மாதிரி ஒரு சத்தம். பக்கம் மாறி, மரமெல்லாம் பூப்பூத்த ஒரு மைதானம் வந்து நின்னுச்சு.

திரும்பினா செந்தில் நிக்கறான். போன் கையில தொங்குது, அதுக்குள்ள யாரோ ஹலோ ஹலோங்கறாங்க.

"தெரியாம அமுக்கிட்டேன் கண்ணு. பழைய எடத்துக்குக் கொண்டு போயிரலாமில்ல?"

"அதுவே பழசு மேல எழுதிக்கும்மா. சேவ் பண்ண ஒரு எடந்தான் இருக்கு."

"எப்படியும் போட வேண்டியது தானடா, நான் பலத்துல…"

"உன்னைய யாரும்மா தொடச் சொன்னா?"

சத்தமாக் கூடச் சொல்லல. பொட்டியை அணைச்சான். ரெயின்கோட் கூட எடுக்காம வண்டியை எடுத்துட்டுப் போயிட்டான். கொட்டற மழை. ஜன்னல்லயே நின்னேன். தொப்பலா நனைஞ்சு வந்து நேரா ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டான்.

பாவி நான். அந்தப் புள்ள சேத்து வச்சதை ஒரு நிமிசத்துல அழிச்சுட்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

வெயில். துணி எல்லாம் காஞ்சுது. யாருக்கு வேணும்.

செந்தில் டி.வி. பக்கமே போறதில்ல. ஆபீஸ்லயிருந்து வந்தா ரூமு. டப்பா ரெண்டையும் அலமாரிக்குள்ள வச்சுட்டான். நான் கேட்டதும் இதுதான, பொட்டி முன்னால உக்காரக் கூடாதுன்னு. இப்ப அவன் உக்காந்தா தேவலைன்னு இருக்குது.

அவிய அப்பா போன்ல, "ஒரு பொம்மைக்கா இத்தனை அக்கப்போரு?" எனக்கு வந்துச்சே கோவம். "பொம்மையில்லீங்க. அவ யோசிச்சு யோசிச்சு மிச்சம் வச்சது. உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, வைங்க"ன்னு வச்சுட்டேன். பத்து நாள் முன்னால எனக்கும் தெரியாது.

ரசம் புளிச்சுது. கீரை கடைஞ்சது அப்படியே இருக்குது. சுனிதாவுக்குக் குடுத்துவிட்டேன்.

ஜூலை 17, வியாழன்

தூறல். டிக்கெட் எடுத்தாச்சுன்னு போன். அடுத்த வாரம். சரின்னேன்.

பலத்துல போட்டா என்ன கெட்டுப் போச்சு? வித்யா ஒண்ணும் ஒடிசலான புள்ள இல்ல. சிலிண்டரை ஒத்தைக் கையில நகத்துவா. இப்படியெல்லாம் எனக்கு நானே சமாதானம். வெசனம் தீரமாட்டீங்குது.

ஜூலை 19, சனி

அரை நாள் மழை. பெட்டி அடுக்கினேன். அடுக்கினதை எடுத்துட்டு மறுபடி அடுக்கினேன்.

செந்தில் தண்ணி குடிக்க வெளிய வந்தான். பிடிச்சு உக்கார வச்சுட்டேன். இனி பொறுக்க முடியல.

"நான் செஞ்சது தப்புதான். எத்தனை தரம் வேணாலும் சொல்றேன். ஆனா அவ உனக்கு மட்டும் போகலடா. எனக்கும் மருமக அவ. நானும் இந்தச் சமையக்கட்டுல நின்னு அழுதுக்கிட்டுத்தான் இருக்கேன், உன் காதுல விழுகாம. நீ வாயைத் திறந்து என்னையத் திட்டு. இப்படிக் கம்முனு இருக்காத. ஊருக்குப் போயி நான் எப்படிச் சோறு திங்கறது?"

டம்ளரைக் கழுவிக் கவுத்து வச்சுட்டு உள்ள போயிட்டான்.

ஜூலை 20, ஞாயிறு

வெயிலும் மழையும் மாறி மாறி. இட்லிக்கு ஊத்திட்டிருந்தேன்.

"அம்மா, இங்க வா."

டி.வி. ஓடுது. டென்னிஸு. அந்தப் பூப்பூத்த மைதானம். செந்தில் கீழ தரையில உக்காந்திருக்கான். நானும் உக்காந்தேன், முட்டி வலிய வலிய. மஞ்சச் சட்டைக்காரி பேரு பக்கத்துல விரலை வச்சுக் காட்டினான். ஒரு நம்பர். 34.

"என்னடா இது?"

"வயசு."

எனக்கு வெளங்கல.

"கல்யாணம் ஆன வருசம் ஆரம்பிச்சோம்மா. கேமுல வயசு கேட்டான், ரெண்டு பேரும் நெஜ வயசையே போட்டோம். ஒரு சீசன் முடிஞ்சா அதுல ஒரு வயசு கூடும். அவதான் சொன்னா, வருசத்துக்கு ஒரு சீசன் மட்டும் ஆடலாம், இவங்களும் நம்ம கூடவே வயசாகட்டும்னு. ஞாயித்துக்கெழமை, ஞாயித்துக்கெழமை மட்டும்."

வித்யா போனப்ப முப்பத்திமூணு.

"பாயிண்டுல ஒண்ணுமில்லம்மா. அவ எதுல போட்டிருப்பான்னு எனக்குத் தெரியாதா? நானே என்னைக்கோ போட்டிருப்பேன். போட்டா சீசன் மாறிரும். இவளுக்கு முப்பத்திநாலாயிரும். அதுக்குத்தான் போகல."

அவன் தலையைப் பிடிச்சு மடியில வச்சுக்கிட்டேன். சுடுகாட்டுல கூட அழுகாதவன், முதுகு குலுங்கக் குலுங்க அழுதான். நானும்தான். அடுப்புல இட்லி கொப்பறையிலிருந்து ஆவி விசுவிசுன்னு வருது, யாரும் எந்திரிக்கல.

அழுது ஓஞ்சப்புறமும் டி.வி.யில எல்லாம் அப்படியே நின்னுச்சு. நீலச் சட்டைக்காரன் கையில பந்து. மஞ்சச் சட்டைக்காரி கோட்டுக்கிட்ட லேசாக் குனிஞ்சு, காலை மாத்தி மாத்தி வச்சுக்கிட்டு.

"சர்வீஸ் போடு கண்ணு. எத்தனை நேரந்தான் அவ நின்னுக்கிட்டிருப்பா."

மூக்கைத் தொடைச்சுக்கிட்டுப் போட்டான்.