அத்தானை ஆஸ்பத்திரியில் சேர்க்கவில்லை

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் நலம், நம்பு. முதலில் சந்தோஷச் செய்தி: இன்று காலை அத்தான் என்னைத் திட்டினார்! மாவில் உப்புப் போட மறந்துவிட்டேனாம். கவனம் எங்கேடா மேயுதுன்னு நம் பேக்கரியே அதிரக் கேட்டார். திட்டு வாங்கிவிட்டு வாயெல்லாம் பல்லாக நின்றேன். போனில் சொன்னால் நீ பாதியிலேயே அழுதுவிடுவாய், அதனால்தான் கடிதம்.

இன்னொன்று, கோபப்படாதே. சாகணும்போல இருக்குன்னு அத்தான் சொன்ன அன்றே, ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடு என்று நீ வேலை பார்க்கும் ஊரிலிருந்து போனில் சொன்னாய். கூட்டிப்போனேன், சேர்க்கவில்லை. டாக்டரம்மா ஒன்றரை மணி நேரம் பேசினார். அந்த எண்ணம் எப்போது வருகிறது, போன தடவை சேர்ந்தபோது வார்டு எப்படி இருந்தது, வீட்டில் துணைக்கு யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சும்மா இருந்தால்தான் வருது, அங்கே மூணு வாரமும் சுவரைத்தான் பார்த்துட்டிருந்தேன், வெளியே வந்ததும் இன்னும் மோசமாச்சுன்னு அத்தான் சொன்னார். எங்களுக்கு முன்னால் வந்த பெண்ணை அதே டாக்டரம்மா உடனே சேர்த்துக்கொண்டார். அவளுக்கு ஆஸ்பத்திரிதான் பாதுகாப்பு, இவருக்கு வேலையும் வீடும்தான் பிடிமானம் என்றார். எனக்குப் பயம்தான்: ஒன்று கிடக்க ஒன்று ஆனால் உன் முகத்தில் எப்படி விழிப்பேன்?

ஆனால் வெறுங்கையோடு அனுப்பவில்லை. மாத்திரைகள் என் பூட்டிய பெட்டியில் இருக்கின்றன. என் படுக்கையை அத்தான் அறைக்கு மாற்றிவிட்டேன். ஒருநாள் விட்டு ஒருநாள் டாக்டரம்மாவைப் பார்க்கிறோம். தாங்க முடியாமல் போனால் வந்து சேர்ந்துகொள்கிறேன் என்று அத்தானே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

ஐந்தாம் நாள் மத்தியானம், அடுப்பை அணைத்துவிட்டு, வாடா போகலாம்னு அவரே கூப்பிட்டார். ஓடினோம். பேசினார், அழுதார், மருந்தை மாற்றினார்கள், சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிட்டோம். அவராக வாய்திறந்து கூப்பிட்டாரே அக்கா! அன்றைக்குத்தான் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

முழுக்கச் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். நேற்று பாதி நாள் பேசவே இல்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். நீ தினமும் என்னிடமே விசாரிக்கிறாய். போன் மணி அடித்தால் அத்தான் கையிலுள்ள மாவைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நிற்கிறார். நான் வைத்ததும் மறுபடி மாவு பிசையப் போய்விடுகிறார். கேட்டால் அந்த எண்ணம் கூடிவிடுமோ என்று பயப்படாதே. கேட்பதால் அது கூடிவிடாது என்று டாக்டரம்மாவே சொன்னார். இன்னைக்கு அந்த நினைப்பு வந்துச்சான்னு அவரிடமே கேள்.

வருகிற ஞாயிறு முதல் உன் போனை நான் எடுக்கப்போவதில்லை.

உன் அன்புத் தம்பி