சிவப்பு சாக்கெட்

14 மார்ச் 2006, செவ்வாய். கும்மிடிப்பூண்டி.

காதர் பாய் பழவேற்காட்டில் கல்யாண வீடியோ எடுக்கிறவர். இன்று காலை கம்ப்யூட்டரை பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார். ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிட்டதாம்.

"இப்போ சாட்டான்னு புதுசா வந்துகீதாமே. அத்தப் போடலாமா, இல்ல பழைய மாதிரியே போதுமாப்பா?"

மூடியைக் கழற்றிப் பார்த்தேன். அவருடைய போர்டில் சாட்டா என்கிற புது வகை டிஸ்க்கைச் செருகுவதற்கான சிவப்பு சாக்கெட் இரண்டு காலியாக இருந்தன. அதைத்தான் போட்டிருக்க வேண்டும். அடுத்த கம்ப்யூட்டர் வாங்கும்போது பழைய வகை டிஸ்க்கின் பட்டை வயரைச் செருக இடமே இருக்காது. ஆனால் என் அலமாரியில் பழைய வகை டிஸ்க் இரண்டு ஆறு மாதமாக விலைபோகாமல் கிடந்தன.

"பழசே போதும் பாய்," என்றேன்.

அவர் குனிந்து அந்தச் சிவப்பைத் தொட்டார். "அப்போ இது இன்னாத்துக்கு?"

"அது வேற வேலைக்கு."

எவ்வளவு சுலபமாக வாயில் வந்துவிட்டது! வேகத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது என்று மத்தியானத்திலிருந்து எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது உண்மைதான். ஆனால் நான் அதற்காகவா சொன்னேன்?

மாட்டிக்கொடுத்ததும் பாய் என் தோளைத் தட்டினார். "மீஞ்சூர்ல என் மச்சான் ஸ்டுடியோ வெச்சிகிறான். அவனுக்கும் இதே கொயப்பம். இவர்கிட்ட போ, ஏமாத்த மாட்டாருன்னு சொல்லிகிறேன். நாளைக்கு வருவான்."

அலமாரியில் இன்னும் ஒன்று இருக்கிறது. கடையைப் பூட்டுவதற்கு முன் அதன் மேலிருந்த தூசியைத் துடைத்து வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.