பட்டன் குடையும் போர்க்கப்பலும்

இன்று மாலை கொச்சி மட்டாஞ்சேரி படகுத்துறையில் சாரல் பிடித்தது. உன் குடையின் பட்டனை அழுத்தினேன். அது துள்ளி விரிந்ததில் பக்கத்தில் நின்ற சேச்சி பயந்து விலகினார். நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

உடைந்த கம்பியை நேற்றுதான் மாற்றி வாங்கினேன். உன் குடையை என்னிடம் கொடுத்தபோது உன் அம்மா, "போட்டிக்கு நனஞ்சிட்டுப் போகாதே மோளே" என்று மட்டும் சொன்னார்கள்.

சனிக்கிழமை விவாதப் போட்டி. நாம் தயாரித்த அதே தலைப்புதான்: பாதுகாப்பு நிதி பற்றாத காலத்தில் புதிய தளவாடங்களுக்கே முதலிடமா? எந்தப் பக்கம் பேசுவது என்பது மேடையில் சீட்டு எடுக்கும்போதுதான் தெரியும். உன்னைக் காய்ச்சல் கொண்டுபோன பிறகு, வேறு ஜோடி தேடிக்கொள் அல்லது விட்டுவிடு என்றார் டீச்சர்.

டியூஷனுக்குப் படகில் போகும்போதெல்லாம் நாம் சண்டை போட்டது இதற்காகத்தானே! வெலிங்டன் தீவைத் தாண்டுகையில் சாம்பல் நிறக் கப்பல் தெரிந்தால் போதும், நீ தொடங்கிவிடுவாய்.

"எங்கண்ணன் போறது அப்பிடியொரு கப்பல்லதான். அது பழைய தகரமா இருக்கணுமாடி?"

"சொன்ன வெலைக்கு மேலயும் கொட்டிக் கொடுத்துப் புதுசு வாங்கு. பின்னே ஸ்பேர் பார்ட்டுக்கும் டீசலுக்கும் எங்க போவே? கப்பல் கரையிலேயே நிக்கும்."

"எதிரி வந்தா உன் ஸ்பேரத் தூக்கி எறிவியா?"

படகே சிரித்தது.

அந்த ஜூனில் பள்ளி திறந்தபோது, மழைக்கோட்டுக்கும் சேர்த்து வைத்திருந்த காசை எல்லாம் போட்டு இந்தப் பட்டன் குடையை வாங்கினாய். முதல் பெருமழையிலேயே கம்பி போயிற்று. சரிசெய்யக் காசில்லை. அந்த மழைக்காலம் முழுவதும் என் நீளக் கறுப்புக் குடைக்குள்தான் வந்தாய். "தளவாடம் வந்தாச்சு, பராமரிப்புக்கு நிதி இல்ல" என்றேன். "போடி" என்று கிள்ளினாய். மறுநாள் நீயே சொன்னாய்: "அந்தக் குடைய உன் பேச்சுல சேத்துக்கோ. என் பேர மட்டும் சொல்லிடாதே."

எதிரணியின் வாதத்தை அவர்களைவிட நன்றாகப் பேசிவிட்டுத்தான் உடைக்க வேண்டும் என்பது உன் சட்டம். அதனால் பக்கம் மாற்றி மாற்றிப் பழகினோம். பள்ளிப் போட்டியில் அந்தப் பழக்கம் என்னைக் கவிழ்த்தது. நம் அணியை மறந்து எதிரணிக்காக உருக்கமாகப் பேசி முடித்து உட்கார்ந்தேன். நடுவர்கள் காகிதத்தைப் புரட்டினார்கள். நீ அசரவில்லை. எழுந்து, "என் தோழி சொன்னது எதிரணியின் மிகச் சிறந்த வாதம். இனி அதை நான் உடைக்கிறேன்" என்றாய். ஜெயித்தோம்!

உன்னை அடக்கம் செய்துவிட்டு உன் அண்ணன் கப்பலுக்குத் திரும்புவதற்கு முன் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"எந்தப் பக்கம் பேசப் போறே?"

"சீட்டு எடுத்தாத்தான் தெரியும்ணா."

"ரெண்டு பக்கத்திலயும் நான்தான் இருக்கேன். பாத்துப் பேசு."

அதுவரை எனக்கு அது கோப்பைக்கான போட்டி. புதிய கப்பல் வராவிட்டாலும், வந்த கப்பல் பழுதாகி நின்றாலும், நடுக்கடலில் நிற்கப்போவது அவர் என்று அப்போதுதான் உறைத்தது. அன்றே டீச்சரிடம் சொல்லிவிட்டேன்: எங்கள் இருவரின் முறையிலும் நானே பேசுகிறேன். அனுமதியும் வாங்கித் தந்துவிட்டார்.

இன்று படகில் உன் பக்கத்தை வாய்விட்டுப் பேசிப் பார்த்தேன். 'பழைய தகரமா இருக்கணுமா' என்று நீ கேட்டதற்கு இன்னும் முழுப் பதில் கிடைக்கவில்லை. வாங்கும்போதே பராமரிப்பையும் விலையில் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பதுவரை வந்திருக்கிறேன். மீதியைச் சனிக்கிழமைக்குள் கண்டுபிடிப்பேன். நீ இல்லை என்பதற்காக உன் வாதத்தை இளைக்க விடமாட்டேன். எனக்கு எதிர்ப்பக்கமே வந்தாலும் அதை உன்னைப் போலவே, முழு பலத்தோடு சொல்லிவிட்டுத்தான் உடைப்பேன்.