மூன்றாவது சாக்கு

கம்பாயான்,
செப்டம்பர் 28

அன்பு மகள் ஜோவெலினுக்கு,

அம்மா எழுதுகிறேன். கடல் ஆராய்ச்சிக் கப்பலில் இருந்து இறங்கி உன் அறைக்கு வந்ததும் கதவுக்கு அடியில் இந்தக் கடிதம் கிடக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். குளிரிலும் அலையிலும் இரண்டு மாதம் கிடந்து வருகிறவள் நல்லபடியாக வந்து சேர மாதா துணையிருக்க வேண்டும். உன் நலத்தைக் கேட்பதற்கு முன்னால் இங்குள்ள நலத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மேலே படிக்கப் படிக்க உனக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும். அப்பா உயிரோடு இருக்கிறார். தானாக மூச்சு விடுகிறார், கஞ்சி குடிக்கிறார், இடது கை விரல்களில்தான் இன்னும் உணர்ச்சி சரியாக இல்லை. நீ கப்பலில் இருந்து ஒரு நிமிடம் பேசியபோது அவருக்குக் காய்ச்சல், தூங்குகிறார் என்று சொன்னேன் அல்லவா, அது பொய். நான் அப்போது ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். நடுக்கடலில் இருப்பவளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று மறைத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

ஜூலையில் நீ புறப்படும் முன் என்னிடம் சொன்னதெல்லாம் எனக்கு நினைவிருந்தது, அதுதான் என்னை இப்போது கொல்கிறது. உன் சித்தப்பா வால்டோ கடலில் பால்மீன் வளர்க்கும் கூண்டுகளை நாலில் இருந்து பதினொன்றாக ஆக்கியிருப்பதையும், காலையும் மாலையும் தீனிச் சாக்குகளை அவிழ்த்துக் கொட்டுவதையும் அன்று உன்னிடம் சொன்னேன். மீன் தின்றது போக மிச்சம் அடியில் போய்ச் சேறாகிறது, அதில் உள்ள பாஸ்பரஸும் நைட்ரஜனும் எங்கேயும் போய்விடாது, சேற்றில் காத்துக்கொண்டிருக்கும், மலையில் இருந்து மழைத்தண்ணீர் இரும்பைக் கொண்டுவந்து சேர்க்கும், பெரிய காற்று அடித்து அடித்தண்ணீர் மேலே வந்தால் கண்ணுக்குத் தெரியாத பாசி அதையெல்லாம் தின்று பெருகும் என்றாய். அந்தப் பாசியின் விதையும் அதே சேற்றில்தான் வருஷக்கணக்கில் தூங்குகிறது என்றாய். மட்டி நாள் முழுக்கத் தண்ணீரை வடிகட்டித் தின்கிற பிராணி, பாசியின் விஷம் அதற்குள் சேரும், அதற்கு ஒன்றும் ஆகாது, தின்கிறவனுக்குத்தான் ஆகும் என்றாய். தண்ணீர் துரு நிறத்துக்கு வந்தால் மீன்துறை ஆபீஸ் சோதித்துச் சொல்லும்வரை மட்டியைத் தொடாதே அம்மா என்று மூன்று முறை சொன்னாய். நான் இதை அப்படியே வால்டோவிடம் சொன்னேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா, "அண்ணி, கடல் எம்மாம் பெருசு, உங்க பொண்ணு அதைக் குப்பியில புடிச்சு வச்சுப் பாத்துட்டு நமக்கு வைத்தியம் சொல்லுது. நான் போடுற தீனி கடலுக்கு ஒரு வாய்க்குக் காணுமா?" என்றார். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். நானும் கொஞ்சம் சிரித்தேன், ஏன் என்று தெரியவில்லை.

ஆகஸ்டு முழுக்கக் காற்றே இல்லை, கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது. செப்டம்பர் பிறந்து தென்மேற்குக் காற்று நான்கு நாள் விடாமல் அடித்தது, கூடவே மழை. அது அடங்கி வெயில் வந்து ஒரு வாரத்தில் நாம் மட்டி வளர்க்கும் மூங்கில் கழிகளைச் சுற்றித் தண்ணீர் கொதிக்க வைத்த தேயிலை மாதிரி நிறம் மாறிவிட்டது. நான் அப்பாவிடம் சொன்னேன். மலைச் சேறு என்றார். மீன்துறைக்காரர்கள் வந்து தண்ணீரும் மட்டியும் எடுத்துக்கொண்டு போனார்கள், முடிவு வர நாளாகும் என்றார்கள். வியாழக்கிழமை காலை வழக்கமாக வரும் மட்டி வியாபாரி ஜீப்னி வண்டியோடு கரைக்கு வந்தவர், தண்ணீரைப் பார்த்துவிட்டுத் தயங்கினார். கரையில் இருபது பேர் நிற்கிறார்கள், எல்லார் வீட்டு மட்டியும் கழியில் முற்றி நிற்கிறது. அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "என் பொண்டாட்டி வேகவச்சுத் தரட்டும், உன் கண்ணு முன்னாடியே தின்னு காட்டுறேன், அப்புறமாச்சும் வாங்குவியா?" என்று கேட்டார். நான் வேகவைத்தேன், ஜோவி. இஞ்சி தட்டிப் போட்டு, வினிகர் ஊற்றி, நான்தான் வேகவைத்தேன். வேகவைத்தாலும் அந்த விஷம் போகாது என்று நீ சொன்னதும் எனக்கு நினைவிருந்தது. அவர் நின்றபடியே ஒரு தட்டு முழுக்கத் தின்றார். எனக்கும் ஒன்று எடுத்து நீட்டினார், வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். பயந்து போய்த்தான் சொன்னேன். எனக்காகப் பயப்படத் தெரிந்தவளுக்கு அவர் கையில் இருந்த தட்டைத் தட்டிவிடத் தெரியவில்லையே. இதை இதுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை, உனக்குத்தான் எழுதுகிறேன். வியாபாரி சமாதானமாகி, முதல் நடைக்கு நம்மிடம் மட்டும் மூன்று சாக்கு எடுத்துக்கொண்டு போனார்.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை. உதடு எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு விரல் நுனி. பிறகு எழுந்து நின்றவர் கால் எங்கே என்று தெரியாதவர் போல மணலில் உட்கார்ந்துவிட்டார். வால்டோதான் படகை எடுத்தார், நகரத்துக் கரை வரைக்கும் நாற்பது நிமிடம். ஆஸ்பத்திரிக்குள் தூக்கிக்கொண்டு போகும்போது அப்பாவின் மார்பு ஏறி இறங்குவது நின்று போயிருந்தது. டாக்டர் தொண்டைக்குள் குழாயைச் செலுத்தினார். மூச்சு மெஷின் ஒன்றுதான் இருந்தது, அதில் பிரசவம் முடிந்த ஒரு பெண் கிடந்தாள். நர்ஸ் அந்தக் குழாயோடு ஒரு ரப்பர் பையை மாட்டி என் கையில் கொடுத்தாள். "அமுக்குங்கம்மா, விடுங்க, அஞ்சு எண்ணுங்க, மறுபடி அமுக்குங்க. நிறுத்துனா அவர் மூச்சும் நின்னுடும். இதுக்கு மாத்து மருந்து கிடையாது, விஷம் சிறுநீர்ல தானா வெளியேறுற வரைக்கும் நாமதான் அவருக்கு மூச்சு" என்றாள். எவ்வளவு நேரம் என்று கேட்டேன். ஒரு நாள் ஆகலாம் என்றாள். நான் அமுக்கினேன். அவருடைய மூச்சு என் உள்ளங்கையில் இருந்தது, எண்ணிக்கை தவறிவிடுமோ என்று எச்சில்கூட விழுங்கவில்லை. அவர் கண் அசையவில்லை, ஆனால் எல்லாம் கேட்கும், நினைவு தெளிவாக இருக்கும் என்று டாக்டர் சொன்னதும் எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. உள்ளே முழித்துக்கொண்டு கிடக்கிறாரே.

ஒரு மணி நேரம் போயிருக்கும், அப்போதுதான் எனக்கு அந்த மூன்று சாக்கு ஞாபகம் வந்தது. அது இதே ஊர்ச் சந்தைக்குத்தான் வந்திருக்கிறது, மத்தியானச் சமையலுக்கு ஜனங்கள் வாங்கத் தொடங்கும் நேரம். அவர் தின்று காட்டியதால் விற்ற மட்டி. நர்ஸுக்கு எட்டுக் கட்டில், அவளை அனுப்ப முடியாது. வால்டோவைப் போகச் சொன்னால் அவர் வாயைத் திறக்கமாட்டார் என்று எனக்குப் பட்டது, அவருடைய கூண்டும் அதே தண்ணீரில்தான் இருக்கிறது. நான் போகவேண்டுமென்றால் இந்தப் பையை அவரிடம்தான் கொடுக்கவேண்டும். "அண்ணி, என்னால முடியாது, என் கை நடுங்குது பாருங்க" என்றார். "நடுங்குற கையாலயே அமுக்குங்க, உங்க அண்ணன்தானே" என்று அவர் கையை என் கைக்கு அடியில் வைத்துப் பத்து முறை சேர்ந்து அமுக்கிவிட்டு என் கையை எடுத்தேன். வாசல்வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் போயிருக்க மாட்டேன்.

சந்தையில் இரண்டு சாக்கு நம் ஊர் நெரிஸாவின் கடையில் இருந்தது. ஒன்றை அப்போதுதான் அவிழ்த்துத் தட்டில் பரப்பிக்கொண்டிருந்தாள். நான் விஷயத்தைச் சொன்னதும் அவள் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்து, "எமர்லிந்தா, வாயை மூடு. இன்னிக்கு நீ கத்துனா நம்ம ஊரு மட்டியை ஒரு வருஷத்துக்கு ஒருத்தன் தொடமாட்டான். நாப்பது வீட்டு அடுப்புல தண்ணி ஊத்தப் பாக்குறியா?" என்றாள். அவள் சொன்னது பொய் இல்லை. ஆனால் தராசுக்கு முன்னால் ஒரு கர்ப்பிணி கூடையோடு நின்றாள். நான் கத்தினேன். என் புருஷன் இதைத் தின்றுவிட்டு மூச்சில்லாமல் கிடக்கிறான், நான்தான் சமைத்தேன், யாரும் தொடாதீர்கள் என்று தொண்டை கிழியக் கத்தினேன். கூட்டம் கூடிவிட்டது, சந்தை ஆபீஸர் வந்து இரண்டு சாக்கையும் கைப்பற்றினார், ரேடியோவில் சொல்ல ஏற்பாடு செய்தார். நெரிஸா என் காலடியில் துப்பினாள். மூன்றாவது சாக்கு எங்கே என்று வியாபாரியைத் தேடிப் பிடித்துக் கேட்டால், வழியில் ஜங்ஷனில் யாரோ ஒரு சாப்பாட்டுக் கடைக்காரிக்கு விற்றுவிட்டேன், பெயர் தெரியாது, முன்பின் பார்த்ததில்லை என்கிறார்.

திரும்பி வந்தபோது வால்டோ அமுக்கிக்கொண்டிருந்தார். சட்டை நனைந்திருந்தது. அமுக்குவதும் எண்ணுவதும் நடுநடுவே அப்பாவிடம் பேசுவதுமாக இருந்தார், "அண்ணே, நாலு, அஞ்சு, நான்தான் அண்ணே, போயிடாதே" என்று. நான் கேட்டும் பையைத் தரவில்லை. மறுநாள் விடியும்வரை நாங்கள் இருவரும் மாறி மாறி அமுக்கினோம், அவர்தான் அதிகம். காலையில் அப்பாவின் வலது கை சுண்டுவிரல் அசைந்தது. மத்தியானம் பையை எதிர்த்துக்கொண்டு அவராக ஒரு மூச்சு இழுத்தார். வால்டோ தரையில் உட்கார்ந்து பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அழுதார், அவர் விரல்கள் மடக்க முடியாமல் வீங்கியிருந்தன. நான் சந்தோஷப்படக்கூட இல்லை, ஜோவி. மூன்றாவது சாக்கு எனக்குள் உட்கார்ந்திருந்தது. வாசலில் யாரையாவது தூக்கிக்கொண்டு வந்தால் எழுந்து ஓடுவேன். விபத்து, ஜுரம், பாம்புக்கடி என்று தெரிந்தால் வெட்கமில்லாமல் நிம்மதியாக இருக்கும். ஒரு சின்னப் பெண்ணை வாந்தியோடு கொண்டுவந்தார்கள். உதட்டில் உணர்ச்சி இருக்கிறதா என்று அவள் தாயிடம் நான் கேட்ட கேட்டில், அந்தத் தாய் என்னைப் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை பெர்லா என்று ஒருத்தி வந்தாள், தடித்த உருவம், இடுப்பில் சமையல் துணி. ரேடியோவில் சொன்ன ஆள் நிஜமாகவே செத்துவிட்டானா, பிழைத்தானா என்று பார்க்க வந்திருக்கிறாள். ஜங்ஷன் சாப்பாட்டுக் கடைக்காரி அவள்தான். மண் போகட்டும் என்று மட்டியை உப்புத் தண்ணீரில் ஊறவைத்திருந்தாளாம், அடுப்பு பற்றவைக்கும்போது பக்கத்து டீக்கடை ரேடியோவில் கேட்டாளாம். "ஒண்ணைக்கூட ஒருத்தர் வாயில வைக்கலக்கா, என் புள்ளைங்க மேல சத்தியம்" என்றாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. அப்பா கட்டிலில் இருந்து கண்ணால் அவளைக் கும்பிட்டார். சாக்கை என்ன செய்தாய் என்று கேட்டேன். வேறு யாரும் பொறுக்கித் தின்றுவிடக்கூடாது என்று படகுத்துறைக்குப் பின்னால் கொண்டுபோய்க் கடலிலேயே கொட்டிவிட்டாளாம். நல்ல மனசோடுதான் செய்திருக்கிறாள், நானும் நல்லது செய்தாய் என்றேன். அவள் போன பிறகு வால்டோ, "அப்போ அது திரும்பச் சேத்துக்குத்தானே போகும், அண்ணி?" என்று கேட்டார். கடல் எம்மாம் பெருசு என்று சிரித்த அதே மனிதர். எனக்குத் தெரியாது.

அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு வாரமாகிறது. மீன்துறை தடை போட்டுவிட்டது, கழிகளில் மட்டி கருத்துத் தொங்குகிறது. தண்ணீர்க் குழாயடியில் நான் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. நெரிஸாவின் வீட்டு வழியாக நடக்கப் பயமாக இருக்கிறது. வால்டோ தீனி போடுவதைப் பாதியாகக் குறைத்திருக்கிறார், "மீனுக்குப் பசிக்குமே அண்ணி, அது என்ன பாவம் செஞ்சுச்சு" என்று கையைப் பிசைகிறார். நேற்று அவரே முங்கி, தன் கூண்டுக்கு அடியில் இருந்து ஒரு டப்பா சேறு எடுத்து வந்து என் முன்னால் வைத்தார், அழுகின முட்டை நாற்றம். கடலைப் பார்த்தால் இப்போது தெளிந்துதான் இருக்கிறது. அந்தத் தெளிவைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. மேலே இல்லையென்றால் எல்லாம் கீழே இருக்கிறது என்றுதானே அர்த்தம்.

நீ வந்ததும் முதலில் வயிறாரச் சாப்பிடு, தூங்கு, பிறகு உட்கார்ந்து எனக்கு எழுது. அந்த விதை சேற்றில் எத்தனை வருஷம் தூங்கும், தீனியை நிறுத்தினால் அடியில் இருப்பது எப்போது தீரும், தீருமா. எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று ஒன்றையும் குறைத்து எழுதாதே. அடுத்த முறை கப்பல் தளத்தில் நிற்கும்போது கயிறு கட்டாமல் நிற்காதே. உனக்கு நோயில்லாத உடம்பையும் கரை சேரும் வழியையும் ஆண்டவர் தரட்டும், அப்பாவின் ஆசியும் இதில் இருக்கிறது. ஒன்றை மறக்காதே, பதிலை என் பெயருக்குப் போடவேண்டாம், உன் சித்தப்பா பெயருக்குப் போடு. நான் வாசித்தால் ஊரில் ஒருவரும் கேட்க வரமாட்டார்கள். என்ன எழுதியிருந்தாலும், தன் கூண்டைப் பற்றியே எழுதியிருந்தாலும், கரையில் நின்று தானே சத்தமாக வாசிப்பதாக அவர் சொல்லியிருக்கிறார்.

உன் அன்பு அம்மா,
எமர்லிந்தா