கிளி பயப்படாத சாக்ஸபோன்

இன்று காலை கடை திறக்கும் முன் சாக்ஸபோனுக்கான ஒரு புது ரீடைப் பிரித்து நாக்கில் வைத்து நனைத்தேன். அந்த நாணல் சீவலின் வாசம் மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. எனக்கு அது எப்போதும் மழையில் நனைந்த வைக்கோல் வாசம். நீயோ கரும்புச் சக்கை மாதிரி மணக்கிறது என்பாய். ஒரே பெட்டியில் இருந்து ஆளுக்கொன்று எடுத்தாலும் உனக்கு மட்டும் இனிப்பாகத்தான் வரும். அன்றே எனக்கு அது பிடிக்கவில்லை. இன்றும் பிடிக்கவில்லை.

உனக்கு இனிமேல் எழுதி என்ன ஆகப்போகிறது என்று வீட்டில் கேட்கிறாள். ஒன்றும் ஆகாதுதான். ஆனாலும் போன வாரம் உன் மகள் கல்யாணத்தில் நடந்ததை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல? கேட்டுக்கொள். எனக்கு உன்மேல் கோபம் இருக்கிறது.

ஒரு மெல்லிசைக் குழுவுக்கு ஒரு சாக்ஸபோன் போதும். நம் குழுவில் மட்டும் இரண்டு. வேகமான பாட்டுக்கு நான், மெதுவான பாட்டுக்கு நீ என்று பிரித்துவைத்திருந்தார்கள். நான் தேனி பஜாரில் பெயிண்ட் கடைக்காரன் மகன். சின்ன வயதிலேயே சர்ச்சில் நோட்ஸ் பார்த்து வாசிக்கப் படித்தவன். என் விரல் ஓடும் வேகத்தைப் பார்த்து முன்வரிசையில் விசில் அடிப்பார்கள். நீ சுருளிப்பட்டித் திராட்சைத் தோட்டத்தில் இருந்து பஸ்ஸில் வருவாய், மடியில் அந்தப் பழைய பெட்டியோடு. உனக்கு ஒரு நோட்ஸ்கூடப் படிக்கத் தெரியாது. ஆனால் நீ எழுந்து நின்று கீழ் ஸ்தாயியில் ஒரே ஒரு ஸ்வரத்தைப் பிடித்து நிறுத்தினால் பந்தியில் இருக்கிறவன் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்குவான். அதை நான் எத்தனை கல்யாணத்தில் பார்த்து வயிறெரிந்திருக்கிறேன் தெரியுமா? எனக்கு விசில் கிடைத்தது. உனக்கு அந்த அமைதி கிடைத்தது. எனக்கு அந்த அமைதிதான் வேண்டியிருந்தது.

முதலில் உன் ஊதுமுனையில்தான் விஷயம் இருக்கிறது என்று நினைத்தேன். சென்னையில் சொல்லிவைத்து அதே மாதிரி கருப்பு ரப்பர் ஊதுமுனை வாங்கினேன். நீ போடும் அதே நம்பர் ரீட், நீ வைக்கிற அதே அளவு உதடு. சத்தம் மட்டும் என்னுடையதாகவே வந்தது, மெல்லிசாக, ஓரத்தில் தகரம் மாதிரி ஒரு கீச்சோடு. பிறகு ஒருநாள் சின்னமனூர் ரிசப்ஷன் ஒன்றில் உன்னிடம் வாய்விட்டே கேட்டேன், “மாப்ள, இன்னைக்கு ஒன் குழல நான் ஊதுறேன், என்னுத நீ ஊது” என்று. நீ ஒரு கேள்வி கேட்காமல் எடுத்து நீட்டினாய். உன் பழைய பித்தளையில் நான் ஊதினேன். அது அப்படியே நான். பளபளவென்ற என் குழலில் நீ ஊதினாய். அது அப்படியே நீ. மைக் செட்காரருக்குக்கூட மாற்றியது தெரியவில்லை. அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நீ இரண்டு தடவை பாயசம் வாங்கிக் குடித்தாய்.

“கடிக்காத மாப்ள, அது என்ன முறுக்கா?” என்பாய் என் கீழ் உதட்டைப் பார்த்து. அது எனக்குத் தெரியாதா? பல்லால் ரீடை அழுத்தினால் சத்தம் இறுகும், தொண்டையைத் திறந்து அடிவயிற்றில் இருந்து காற்றை விட வேண்டும், எல்லாம் தெரியும். எனக்குத் தெரியாதது, இதையெல்லாம் தெரியாத நீ எப்படிச் சரியாகச் செய்கிறாய் என்பதுதான்.

அது தெரிந்த நாள்தான் என் பொறாமைக்கு நல்ல தீனி கிடைத்த நாள். பழம் கனியும் பருவத்தில் உன் தோட்டத்துக்கு வந்திருந்தேன். பந்தலுக்கு அடியில் நடந்துகொண்டே நீ ஒரே ஸ்வரத்தை ஊதிக்கொண்டிருந்தாய். மூச்சு முடிந்ததும் நின்று, மூச்சு வாங்கி, மறுபடியும் அதே ஸ்வரம். பாட்டும் இல்லை, ராகமும் இல்லை. உன் அய்யா வரப்பில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தை விட்ட நாளில் இருந்து உனக்கு இதுதானாம் காலை வேலை. திராட்சையைக் கொத்த வரும் கிளியையும் மைனாவையும் விரட்டத்தான் உன் அய்யா அந்தக் குழலையே வீட்டுக்குள் வர விட்டிருக்கிறார். தகரத்தைத் தட்டினால் கை வலிக்கும், வெடி போட்டால் காசு போகும், இவன் எப்படியும் ஊதிக்கொண்டுதான் இருக்கிறான், அங்கன போய் ஊதட்டும் என்று.

நான் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து விரல் பயிற்சி செய்த காலமெல்லாம் நீ பந்தலின் இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடி வரை ஒரே மூச்சைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறாய். பள்ளத்தாக்கின் காற்றுக் காலத்தில், எதிர்க்காற்றில், சத்தம் கலையாமல். உனக்கு அது பயிற்சி என்றே தெரியாது. தோட்ட வேலை என்று நினைத்துச் செய்தாய்.

அன்று உன் அய்யா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “ஏலே, ஒன் சத்தம் வரவர ரொம்ப நல்லாயிருச்சுடா. ஒரு கிளியும் பறக்க மாட்டேங்குது. இங்கன பாரு, தலைக்கு மேலயே ஒக்காந்து திங்குது.” பிறகு என் பக்கம் திரும்பினார். “தம்பி, நீங்க வேணா ஒருவாட்டி ஊதுங்க.”

நானும் உள்ளூர ஒரு நம்பிக்கையோடு பெட்டியைத் திறந்தேன். பந்தலுக்கு அடியில் நின்று, உன்னை மாதிரியே கீழ் ஸ்வரத்தில் ஆரம்பித்தேன். அவ்வளவுதான். தோட்டத்தில் இருந்த அத்தனை கிளியும் கீச்சென்று கத்திக்கொண்டு எழும்பிப் பக்கத்துத் தோட்டத்தையும் தாண்டிப் போய்விட்டன. உன் அய்யாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “இதுல்ல ஊத்து!” என்றார். “தம்பி, காயெல்லாம் வெட்டி முடியற வரைக்கும் தெனம் வந்துட்டுப் போங்க.” நீ வரப்பில் விழுந்து புரண்டு சிரித்தாய். கூலியாக ஒரு கூடை பன்னீர் திராட்சை வேறு. அதை நான் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவருக்கே கொடுத்துவிட்டேன். ஒரு பழத்தைக்கூட வாயில் போடவில்லை.

அப்புறம் பல வருடம் கழித்து நீ காய்ச்சல் என்று படுத்தாய், எழுந்திருக்கவில்லை. துக்கத்துக்கு வந்த கூட்டத்தில் ஆளாளுக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு, “இனி அந்தச் சத்தத்த எங்க கேக்கப் போறோம்” என்றார்கள். நானும் ஒரு சாக்ஸபோன்காரன் பக்கத்தில் நிற்கிறேனே என்று யாருக்கும் தோன்றவில்லை. அழுதுகொண்டேதான் இருந்தேன். அழுகைக்கு நடுவிலும் அது சுருக்கென்றது.

இந்த வருடம் உன் மகள் கடைக்கு வந்தாள். பெயிண்ட் டின்களுக்கு நடுவே ஸ்டூலில் உட்கார்ந்து பத்திரிகையை நீட்டினாள். “மாமா, பொண்ணழைப்புக்கு நான் மண்டபத்துக்குள்ள நடந்து வர்றப்ப அப்பா மோகனம் வாசிக்கிறதாச் சொல்லியிருந்தாரு. இப்ப நீங்கதான் வாசிக்கணும். வேற யாரையும் நான் கூப்புட மாட்டேன்.” சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். உன் ஊர்க்காரர்கள் எல்லாரும் இருப்பார்கள். உன் மெதுவான மோகனத்தை என் தகரச் சத்தத்தில் ஊதினால், கிளிகளுக்கு ஆனதுதான் சம்பந்தி வீட்டாருக்கும் ஆகும்.

அன்றிலிருந்து நான் விரல் பயிற்சியை நிறுத்தினேன். கடைக்குப் பின்னால் குடோனில் நின்றுகொண்டு, உன்னை மாதிரி, ஒரே ஸ்வரம். எனக்கு வழிகாட்ட உன் பந்தல் இல்லை. ஆனால் காலி டின்கள் இருந்தன. கீழ் ஸ்வரத்தை ஆடாமல் பிடித்தால் மூடி இல்லாத ஒரு பெரிய டின் தானாக இம்மென்று அதிரும். காற்று கொஞ்சம் தளர்ந்தாலோ உதடு கடித்தாலோ அது சட்டென்று வாயை மூடிக்கொள்ளும். ஆரம்பத்தில் இம்மென்று தொடங்கியதுமே நின்றுவிடும். அந்த டின்னை எட்டி உதைத்திருக்கிறேன். மெதுவாகத் தொடங்கி, பெருக்கி, மறுபடி மெதுவாக்கி முடிப்பது, ஊதுமுனையை மட்டும் தனியாகக் கழற்றி ஊதி ஒரே சுருதியில் நிறுத்துவது, தோளை இறக்குவது, கொட்டாவி விடுகிற மாதிரித் தொண்டையைத் திறப்பது. இத்தனை வயதில் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன் மாதிரி எல்லாவற்றையும் முதலில் இருந்து செய்தேன்.

வீட்டுக்காரி குடோன் வாசலில் வந்து நிற்பாள். “ஆத்தாடி, ஒரே சத்தத்தையே எம்புட்டு நேரந்தான் ஊதுவீக? பாட்டு எப்பத்தான் வரும்?”

“இதுதான் பாட்டு,” என்பேன் எரிச்சலோடு.

“இதுக்கா அந்தண்ணன அம்புட்டுப் பேரும் புகழ்ந்தாக?” என்பாள். அவளுக்குத் தெரியாமலே என் வாயில் மிளகாயை வைத்துவிட்டுப் போவாள்.

ஒருநாள் காலையில் டின் நிற்காமல் அதிர்ந்தது. மூச்சு முடிகிறவரை அதிர்ந்தது. கீச்சு இல்லை. சத்தம் உருண்டு, கனமாக, மரப்பெட்டிக்குள் இருந்து வருகிற மாதிரி வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று கடையில் வந்தவர்களுக்கெல்லாம் கேட்காமலே தள்ளுபடி கொடுத்தேன்.

பழனிசெட்டிபட்டி மண்டபத்தில் அன்று நல்ல கூட்டம். உன் மகள் வாசலில் நின்றதும் பேசிக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். நான் கண்ணை மூடி அந்தக் கீழ் ஸ்வரத்தைப் பிடித்தேன். அவள் நடக்க ஆரம்பித்தாள். நான் மோகனத்துக்குள் மெதுவாக ஏறினேன். பாதி வழியில் கண்ணைத் திறந்து பார்த்தால், சாப்பாட்டுக் கூடத்தில் இருந்து கை கழுவாத ஆட்கள் கதவருகே வந்து நிற்கிறார்கள். ஒருவரும் பேசவில்லை. இத்தனை வருடம் நான் பார்த்துப் பார்த்து வயிறெரிந்த அந்த அமைதி, மாப்ள. அது என் எதிரில் நின்றது.

முடித்தேன். பிறகு கைதட்டல். உன் வீட்டுக்காரி, எனக்குத் தங்கச்சி முறை, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வந்தாள். “அண்ணே, அவுகளே வந்து ஊதுன மாதிரி இருந்துச்சுண்ணே.” உன் மகள் மாலையோடு வந்து என் காலில் விழுந்தாள். “அப்பா வந்துட்டாரு மாமா” என்றாள். உன் ஊர்ப் பெரியவர்கள் வரிசையாக வந்தார்கள். ஒருவர், “கண்ண மூடிக் கேட்டா அவரேதான்” என்றார். இன்னொருவர் மைக் செட்காரரிடம் போய், பழைய ரெக்கார்டிங் எதையாவது போட்டீர்களா என்று கேட்டிருக்கிறார்.

அத்தனை பேருக்கும் கும்பிடு போட்டேன். சிரித்தேன். உள்ளே எரிந்தது. ஒரே ஸ்வரத்தை ஊதி ஊதி உதடு வெடித்தது எனக்கு, கைதட்டல் உனக்கு. உயிரோடு இருந்தபோது பாதியை எடுத்துக்கொண்டாய். இல்லாமல் போய் முழுவதையும் எடுத்துக்கொண்டாய்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். அவள் மேடைப்படியில் கால் வைத்தபோது, பஞ்சம ஸ்வரத்தில் நின்றுகொண்டிருந்த எனக்கு மூச்சு தீர்ந்துவிட்டது. நீயாக இருந்தால் அந்தப் பஞ்சமத்தை இன்னும் இழுத்துக்கொண்டு போயிருப்பாய். என்னால் முடியவில்லை. பதறிப்போய் விரலை நம்பி ஒரு சின்னச் சுழற்சி போட்டு, மேலே தொட்டுவிட்டு, அதே பஞ்சமத்தில் வந்து இறங்கினேன். அது எந்தப் பயிற்சியிலும் வராதது. நீ ஒருநாளும் அப்படி வாசித்ததில்லை. உன்னால் வாசிக்கவும் முடியாது. அந்த ஒரு இடம் மட்டும் நான். நன்றாகவும் இருந்தது, பொய் சொல்லவில்லை.

மண்டபத்தில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. வீட்டுக்கு வந்து இவளிடம் கேட்டேன். எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தது என்கிறாள். நீ இருந்திருந்தால் பந்தியில் இருந்து எச்சில் கையோடு எழுந்து வந்திருப்பாய். அந்த இடத்தை எப்படிப் போட்டாய் என்று கேட்டிருப்பாய். உன் முகம் ஒரு நொடி சுருங்குவதை நான் பார்த்திருப்பேன்.

அந்த ஒரு நொடிக்காகத்தான் மாப்ள இத்தனை வருடம் ஊதினேன். அதைத் தராமலே போய்விட்டாய்.