இரண்டு வீட்டுத் திபீத்

நவம்பர் 1, 1998, ஞாயிறு

இன்று முதல் நான் வரலாற்றாசிரியன். தங்கை ஜார்ஜெட்டின் மகள் நூரித், நோட்டும் பேனாவுமாக என் இரண்டு அறை சாம்ராஜ்யத்துக்கு எழுந்தருளினாள். டிசம்பர் எட்டாம் தேதி அவளுக்குக் கல்யாணம். வருகிறவர்கள் கையில் நம் குடும்பத்துச் சமையல் குறிப்புகளைப் புத்தகமாக அச்சடித்துக் கொடுக்கப் போகிறாளாம். பாக்தாத்தை விட்டு இஸ்ரேலின் ரமத் கானுக்கு வந்தபோது எனக்கு இருபத்தொரு வயது. ஞாபகங்களுக்கு இந்தக் குடும்பத்தில் மொத்த வியாபாரி நான்தான்.

வெண்டைக்காய்க் குழம்பில் மிதக்கும் கறி உருண்டையிலிருந்து தொடங்கினேன். அது எங்கள் வீட்டில் கொதித்தால் டைக்ரிஸ் நதி வழக்கமான பாதையை விட்டு எங்கள் ஜன்னல் பக்கமாக வளைந்து, ஒரு மூச்சு மோந்து பார்த்துவிட்டுத்தான் கடலுக்குப் போகும் என்றேன்.

"சரி மாமா, எத்தனை வெண்டைக்காய்?"

"அது அன்னிக்கு ஆத்துக்கு எவ்வளவு பசியோ அதைப் பொறுத்தது."

பேனாவை மூடிவிட்டாள். வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் குண்டைப் போட்டாள்.

"திபீத் பக்கம் மட்டும் காலியா கெடக்கு மாமா. அம்மா பேர்ல போட்டா மார்செல் பெரியம்மா கல்யாணத்துக்கு வரமாட்டாங்களாம். பெரியம்மா பேர்ல போட்டா அம்மாவே வரமாட்டாளாம். பெத்த அம்மா! நீங்கதான் நடுவுல நின்னு தீர்த்து வைக்கணும்."

நானா? உலகத்தில் வேறு ஆளே கிடைக்கவில்லையா?

நவம்பர் 3, செவ்வாய்

இந்த நோட்டை யாரும் படிக்கப் போவதில்லை. எழுதிவிடுகிறேன்.

1987, ஜூன். மார்செல் அக்கா மகனுக்கு நிச்சயம் ஆகி, சம்பந்தி வீட்டார் முப்பது பேர் சனிக்கிழமை மதியம் சாப்பிட வருகிறார்கள். அக்கா வீடு, ஜார்ஜெட்டின் கைப்பக்குவம். வெள்ளி சாயங்காலமே திபீத்துக்காகக் கோழிக்குள் அரிசியை அடைத்து, சுற்றிலும் அரிசியைக் கொட்டி, ஒரு பட்டாலியனே குளிக்கலாம் போன்ற பானையை ஹாட்பிளேட்டில் ஏற்றிப் போர்வையும் போர்த்தியாகிவிட்டது. இனி மறுநாள் மதியம்வரை அது தன்பாட்டுக்கு வேகும். வெள்ளி பொழுது சாய்ந்து சபாத் என்ற ஓய்வுநாள் பிறந்துவிட்டால் நெருப்பையோ சுவிட்சையோ யாரும் தொடக்கூடாதே.

குளியலறையில் பெண்கள் கூட்டம். எனக்கோ சபாத்துக்கு முன் முகம் மழிக்க வேண்டும், தெய்வ காரியம்! சமையலறைக்குப் போய், ஹாட்பிளேட்டின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு என் ஷேவரைச் சொருகினேன். மழித்தேன். அழகன் ஆனேன். சபாத் சைரன் ஊதியது. அவசரத்தில் ஹாட்பிளேட்டைத் திரும்பச் சொருகியது பக்கத்து ஓட்டையில்.

பக்கத்து ஓட்டை விளக்கோடு சேர்ந்தது. அதில் டைமர் இருந்தது. பத்து மணிக்கு விளக்கை அணைத்து, காலை ஏழுக்குத் திரும்பப் போடும் டைமர்.

பத்து மணிக்கு விளக்கு அணைந்தது. அதோடு ஹாட்பிளேட்டின் சிவப்புப் பொட்டும் அணைந்தது. நான் பார்த்தேன். நான் மட்டும் பார்த்தேன். தொட முடியாது. சொல்லவாவது செய்திருக்கலாம். சொல்லியிருந்தால் பானை மட்டும் கெட்டிருக்கும்.

காலையில் ஹாட்பிளேட் சமத்தாகச் சுட்டுக்கொண்டிருந்தது. மதியம் போர்வையை விலக்கியதும் கிளம்பிய புளித்த வாடையில் சம்பந்தியம்மாள் இரண்டு தெரு பின்னுக்குப் போனாள். "பாதி வேகாத கோழிய ஏத்தியிருக்கா!" என்றாள் அக்கா. "உன் ஓட்டை ஹாட்பிளேட்டுல தேவதை வந்து சமைச்சாலும் இப்படித்தான்!" என்றாள் தங்கை. ராத்திரி நட்சத்திரம் தெரிந்து சபாத் முடிந்ததும் நான் பிளக்கை மாற்றிச் சொருகிவிட்டு, "ஐயோ பாவம், என்ன ஆச்சோ" என்று எல்லோரையும் விடச் சத்தமாக வருத்தப்பட்டேன்.

பதினோரு வருஷம். இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை.

நவம்பர் 7, சனி, மூன்று நட்சத்திரம் தெரிந்த பிறகு

உண்மையைச் சொல்வதில் உள்ள சங்கடம் என் வயிற்றுக்கே தெரியும். வெள்ளி ராத்திரிச் சாப்பாடு ஜார்ஜெட் வீட்டில், சனி மதியம் அக்கா வீட்டில். ஒரு சபாத்துக்கு இரண்டு ராஜ போஜனம். சண்டை தீர்ந்தால் ஒரு மேஜை, ஒரு தட்டு. உண்மை தெரிந்தால் அதுவும் இல்லை.

நேற்று ஜார்ஜெட் இறக்கையை என் தட்டில் வைத்துக்கொண்டே, "அண்ணே, அவ இப்ப அரிசில என்ன போடுறா?" என்றாள். எலுமிச்சை வற்றல் என்றேன். இன்று அக்கா, "டேய், அவ இன்னும் ரோஜா மொட்டுதான் நுணுக்கிப் போடுறாளா?" என்றாள். ஆமாம், கூடவே ஏலக்காயை ரெட்டிப்பாக்கிவிட்டாள் என்றேன். இரண்டாவது தொடை கிடைத்தது. பதினோரு வருஷமாக இதுதான் என் உத்தியோகம். பஸ் ஓட்டிய காலத்தில்கூட இவ்வளவு நேரம் தவறாமல் வேலை பார்த்ததில்லை.

நவம்பர் 10, செவ்வாய்

உதித்துவிட்டது யோசனை! போட்டி. இருவரும் ஆளுக்கொரு பானை வைக்கட்டும். சனி மதியம் என் வீட்டுக்குக் கொண்டுவரட்டும். யார் பானை என்று எனக்குத் தெரியாமல் நூரித் பரிமாற, நான் ருசித்துத் தீர்ப்பு சொல்வேன். தோற்றவளுக்கு அத்திப்பழ ஜாம் பக்கத்தைக் கொடுத்துச் சமாதானம் செய்துவிடலாம். டைமர் பற்றிப் பேச்சே எழாது. எனக்கு ஒரே வேளையில் இரண்டு திபீத்.

இருவரும் ஒப்புக்கொண்டார்கள், ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்க மாட்டேன் என்ற நிபந்தனையோடு.

நவம்பர் 14, சனி, நட்சத்திரம் தெரிந்த பிறகு

அக்கா பால்கனியில். தங்கை படுக்கையறையில், கதவு அரை அங்குலம் திறந்தபடி. நீதிபதி மேஜையில், கழுத்தில் துண்டோடு.

முதல் தட்டு. ஆஹா. செத்துப்போன என் சித்தப்பாக்கள் எல்லாம் எழுந்து வந்து வரிசையில் நின்றார்கள். இரண்டாவது தட்டு. அதே சித்தப்பாக்கள். அதே வரிசை.

மறுபடி முதலாவது. மறுபடி இரண்டாவது. வியர்த்துவிட்டது.

நூரித் ஒரு வாய் அள்ளிப் போட்டாள். "மாமா, ரெண்டும் ஒண்ணேதான்! எலுமிச்சை வத்தல், ரோஜா, ஏலக்காய், அச்சு அசல்."

பால்கனிக் கதவு திறந்தது. படுக்கையறைக் கதவு திறந்தது. இருவரும் ஒரே கரண்டியால் மாறி மாறி அள்ளித் தின்றார்கள்.

"இது என்னுது," என்றாள் அக்கா, தங்கையின் பானையைக் காட்டி.

"எலுமிச்சை வத்தல் உன்னுதுன்னு தெரியும். ரோஜா என்னுது. உனக்கு யார் சொன்னா?"

"உனக்கு யார் சொன்னா?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். சிரித்து வைத்தேன். அந்த மட்டோடு தப்பித்திருப்பேன். ஆனால் அக்கா உட்கார்ந்து, பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக ஜார்ஜெட்டின் முகத்தைப் பார்த்து, மெதுவாகக் கேட்டாள்: "இவ்வளவு நல்லா வைக்கிறியே, அன்னிக்கு மட்டும் ஏண்டி அப்படி ஆச்சு?"

ஜார்ஜெட் கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் கண் கலங்கியது. "தெரியல அக்கா. நான் ராத்திரியெல்லாம் யோசிச்சிருக்கேன். எங்கே தப்புப் பண்ணினேன்னு இன்னும் தெரியல."

அட கடவுளே. பதினோரு வருஷமாக இவள் தன்மேலேயே சந்தேகப்பட்டிருக்கிறாளா? நான் இவள் இறக்கையைத் தின்றுகொண்டே... என்ன மனுஷன்டா நீ?

சொல்லிவிட்டேன். ஷேவர், சைரன், பக்கத்து ஓட்டை, சிவப்புப் பொட்டு, எல்லாம். ஒரு வார்த்தை மிகைப்படுத்தவில்லை. நாக்குக்கே அது புது அனுபவம்.

அக்கா என் முகத்தை நெற்றியிலிருந்து தாடைவரை நிதானமாகப் பார்த்தாள். அதுதான் பயமாக இருந்தது.

"முகம் மழிக்கவா?" என்றாள் அக்கா கடைசியில். "அந்த முகத்தையா?"

ஜார்ஜெட் சிரித்துவிட்டாள். பிறகு இரண்டு பானையையும் தூக்கிக்கொண்டு மூன்று பேரும் போய்விட்டார்கள். என் தட்டையும் சேர்த்து.

நவம்பர் 15, ஞாயிறு

தீர்ப்பு நூரித் மூலம் வந்தது. வருஷத்துக்கு ஒரு சபாத் வீதம், பதினோரு சபாத்துக்கு எந்த வீட்டிலும் எனக்குச் சோறு கிடையாது. மேல்முறையீடு இல்லை.

நவம்பர் 21, சனி

டப்பா மத்தி மீன்.

நவம்பர் 28, சனி

அதே மத்தியின் தம்பி.

டிசம்பர் 8, செவ்வாய்

கல்யாணம். ஆயிரம் பேர் என்று எழுத ஆசை. இருநூறு பேர். நான் ஆடியதில் தரை இரண்டு அங்குலம் இறங்கியது, இது சத்தியம்.

புத்தகத்தைப் பிரித்தேன். திபீத் பக்கத்தில் மார்செல், ஜார்ஜெட் இருவர் பெயரும். செய்முறையின் முதல் வரி: "ஹெஸ்கல் மாமாவைச் சமையலறையிலிருந்து வெளியேற்றிக் கதவைத் தாழிடவும்." மாப்பிள்ளை வீட்டார் ஒவ்வொருவராக வந்து என் கையைக் குலுக்கி, "நீங்கதானா அது?" என்றார்கள். ஒரு பக்கம் அவமானம். இன்னொரு பக்கம், அச்சில் என் பெயர்.

டிசம்பர் 12, சனி, நட்சத்திரம் தெரிந்த பிறகு

தண்டனையில் நான்காவது சபாத். மதியம் மத்தி டப்பாவைத் திறக்கப் போகையில் கதவு தட்டும் சத்தம். திறந்தால் யாரும் இல்லை. வாசலில் துணி சுற்றிய ஒரு கிண்ணம். திபீத் பானை அடியில் பிடித்து முறுகிய சோறு, இன்னும் சூடாக, நடுவில் ராத்திரியெல்லாம் அதோடு வெந்து பழுப்பேறிய ஒரு முட்டை.

கீழே படிக்கட்டில் குரல்கள்.

"இன்னும் ஏழு பாக்கி இருக்கு. நீதான் இளகிட்ட!"

"நானா? கிண்ணத்தைத் துணி போட்டுச் சுத்தினது யாரு?"

எட்டிப் பார்த்தேன். ஜார்ஜெட்டுக்கு முழங்கால் வலி போலிருக்கிறது. அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தாள். இருவரும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே.