அடுப்பை அணைத்துவிட்டுப் போடு

பெர்மெத், மதியம் உன் தம்பி வந்து ரிப்பேருக்குக் கேட்டாலும் அப்பாவின் கம்ப்யூட்டரைக் கொடுத்துவிடாதே. அது கெட்டுப்போகவில்லை. நேற்று அது எழாதபோது நான் அவர் ஆத்மாவுக்காக வழக்கப்படி ஏழு ரொட்டி பொரித்துக்கொண்டிருந்தேன். மின்னடுப்பு எரிந்தால் வீட்டில் வோல்டேஜ் இறங்கிவிடுகிறது.

“குல்பாரா, அடுப்ப அணைடி, இத போடணும்!” என்று உன் அப்பா தினமும் கத்துவார்.

“அப்போ அந்தப் பெட்டியையே தின்னுங்க!” என்பேன். ஏன் அணைக்கச் சொல்கிறார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

இன்று காலை அடுப்பைப் போடுமுன் கம்ப்யூட்டரைப் போட்டேன், உடனே எழுந்தது. அதிலிருந்து அவர் படத்தை வெளியே எடுக்க எனக்குத் தெரியவில்லை. அவர் போன நாற்பதாம் நாள் விருந்துக்கு அவர் சிரிக்கிற படம்தான் வேண்டும்.

குதிரைக்கறி வாங்க ஓஷ் சந்தைக்குப் போகிறேன். சாவி பக்கத்து வீட்டில்.

அதை நீ கெடுத்துவிட்டாய் என்று நேற்று உன்னைத் திட்டியதை மனதில் வைக்காதே.

வந்ததும் சமைப்பேன். அதற்குள் படம் எடுத்து முடிக்காவிட்டால் நீயும் கத்து. அணைத்துவிடுகிறேன்.